ஆலங்காயம் மேட்டில் ‘பீச்சே’

நம்புகிறவர்கள் நம்பட்டும், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். எனக்கு இரண்டும் ஒன்றுதான். நான் கதை கட்டுகிற ஆள் இல்லை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோலின் தரம் பார்க்கிறேன். பதினெட்டு வருஷமாக இதே வேலை. மேஜை மேல் தோலை விரித்துப் போடுவார்கள். உள்ளங்கையால் ஒரு தடவு தடவுவேன். முள் கிழித்த தழும்பு, உண்ணி கடித்த புள்ளி, கத்தி பட்ட இடம் எல்லாம் கைக்கே தெரிந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு தொட்டால்கூட ஆடா, மாடா, எருமையா என்று சொல்லிவிடுவேன். இல்லாததை இருக்கிறது என்று சொல்கிறவனுக்கு அந்த மேஜையில் இடம் கிடையாது.

என் கையைப் பற்றி இவ்வளவு ஏன் சொல்கிறேன் என்பது கடைசியில் புரியும்.

எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கூட்டம் ஒன்று உண்டு. ஏழெட்டு பேர். என் தோஸ்த் தபரேஸ்தான் தலைவர். எங்கள் பக்கம் சைக்கிள் விடுகிறவனுக்குக் கடவுள் கஞ்சத்தனம் பண்ணவில்லை. ஒரு வாரம் ஏலகிரி வளைவுகள். ஒரு வாரம் ஒடுகத்தூர் பக்கம், இரண்டு பக்கமும் வேர்க்கடலைக் கொல்லை, எதிரே காட்டு மலை. எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது ஆலங்காயத்தில் தொடங்கி காவலூர் வழியாக ஜவ்வாது மலை ஏறுகிற ரோடு. லாரி கம்மி. மூங்கில் வாசனை, ஈர மண் வாசனை, மேலே போகப் போகச் சாமைக் கொல்லை. அந்த ரோட்டை அவ்வளவு நேசித்தேன். இப்போது அந்தப் பக்கம் போகிற பஸ்ஸின் போர்டைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

எங்கள் கூட்டத்தில் ஒரு சொல் உண்டு. ‘பீச்சே.’ உருதுவில் ‘பின்னாடி’ என்று அர்த்தம். வண்டி வந்தால் கடைசியில் வருகிறவர் ‘பீச்சே!’ என்று குரல் கொடுப்பார். கேட்டதும் எல்லோரும் இடது பக்கம் ஒதுங்க வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. திரும்பினால் ஹேண்டில் ஆடும், பின்னால் வருகிறவர் மேலே வந்து விழுவார். இது தபரேஸ் கொண்டுவந்த பழக்கம். அவருடைய அப்பா வாணியம்பாடியில் சின்னதாகத் தோல் ஷாப்பு, அதாவது தோல் பதனிடுகிற பட்டறை, வைத்திருந்தவர். அங்கே ஈரத்தோல் ஏற்றிய தள்ளுவண்டியைத் தள்ளி வருகிறவர்கள் ‘பீச்சே, பீச்சே’ என்று கத்திக்கொண்டே வருவார்களாம். முன்னால் நடக்கிறவர் தமிழோ உருதோ தெலுங்கோ, அந்த ஒரு சொல் எல்லோருக்கும் புரியும்.

என் மனைவி சங்கீதா. குடியாத்தத்தில் லுங்கித் தறி போடுகிற வீட்டுப் பெண். பிடித்தால் பிடித்ததுதான். நான் வாங்கிக் கொடுத்த சைக்கிளை முதல் மாதம் தொடவேயில்லை. ஆறாவது மாதம் என்னைவிட ஜாஸ்தி ஓட்டினாள். ஜனவரியில் எங்கள் கூட்டம் நடத்துகிற இருநூறு கிலோமீட்டர் சவாரிக்குத் தானும் வருவேன் என்று நின்றாள். காவலூர் வரைக்கும் காலை ஊன்றாமல் ஏறிவிட்டால் போதும், பேர் சேர்த்துக்கொள்கிறேன் என்றார் தபரேஸ். அதற்காகத்தான் அந்த மார்கழி ஞாயிறு மூன்று பேரும் கிளம்பினோம்.

அவளுக்கு மேடு புதுசு. மூடுபனி புதுசு. அவளைப் பத்திரமாகக் கொண்டுபோய்க் கொண்டுவருவது என் பொறுப்பு. அன்றைக்கு என் மனதில் அது ஒன்றுதான் இருந்தது.

ஆம்பூரில் விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பினோம். ஆலங்காயம் வந்து டீ குடித்துவிட்டுக் கிளம்பும்போது தபரேஸின் பின் டயர் படார் என்று வெடித்தது. கண்ணாடித் துண்டு டயரின் பக்கவாட்டையே கிழித்துவிட்டது. டியூப் மாற்றிப் பிரயோஜனமில்லை. வாணியம்பாடியில் இருக்கிற தம்பி சமீருல்லாவை எழுப்பி, வேறு டயர் கொண்டுவரச் சொல்லிவிட்டு, எங்களை அனுப்பினார்.

“நீங்க போய்ட்டே இருங்க பரணி. மேட்ட ஏறி முடிக்கறதுக்குள்ள நான் பீச்சே வந்துர்றேன்” என்றார்.

மேடு தொடங்கும்போது மணி ஐந்து இருபது. நான் முன்னால். பத்தடி பின்னால் சங்கீதா. என் விளக்கு பனியில் ஒரு வெள்ளைச் சுவரைத்தான் காட்டியது. அவளுடைய மூச்சு எனக்கு நன்றாகக் கேட்டது. புஸ்… புஸ்… என்று வாங்கிக்கொண்டிருந்தாள். அவசரப்படாதே, சின்ன கியரிலேயே வா என்று முன்னாலிருந்து சொல்லிக்கொண்டே போனேன்.

ஒரு கால் மணி நேரம் போயிருக்கும். பின்னால் ஒரு சத்தம்.

டிக்… டிக்… டிக்… டிக்…

சைக்கிள் விடுகிறவர்களுக்கு இது தெரிந்த சத்தம். மிதிப்பதை நிறுத்தினால் பின் சக்கரத்தின் ஃப்ரீவீல் இப்படிச் சத்தம் போடும். மிதித்தால் வராது. இறக்கத்தில் கேட்கலாம், சமத்தில் கேட்கலாம். மேட்டில் கேட்காது. மேட்டில் மிதிப்பதை நிறுத்தினால் நாலடி உருண்டு சைக்கிள் நின்றுவிடும்.

இந்தச் சத்தம் நிற்கவில்லை.

தபரேஸ் வந்துவிட்டாரோ என்று நினைத்தேன். பிறகு எனக்கே கோபம் வந்தது. தபரேஸாக இருந்தாலும் மிதித்துத்தானே வர வேண்டும். சைக்கிளில் ஏதோ கோளாறு, எதிரொலி, மலை… என்று மனதுக்குச் சமாதானம் சொன்னேன். ‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்று மற்றவர்களைக் கிண்டல் பண்ணியே பழக்கப்பட்டவன் நான்.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. சங்கீதாவின் மூச்சு கேட்கவில்லை. நின்றுவிட்டாளோ என்று பேர் சொல்லிக் கூப்பிட்டேன். அதே பத்தடி பின்னாலிருந்து பதில் வந்தது. வீட்டில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி, கொஞ்சமும் மூச்சு வாங்காத குரல்.

“என்னாங்க சொன்னீங்க இப்ப?”

நான் ஒன்றும் சொல்லவில்லை, கூப்பிடத்தான் கூப்பிட்டேன் என்றேன்.

“அதுக்கு முன்னாடி. ‘மெதிக்காத’ன்னு சொன்னீங்களே.”

மேட்டில் யாராவது மிதிக்காதே என்று சொல்வார்களா? காற்றில் ஏதாவது கேட்டிருக்கும் என்று சொல்லிவிட்டேன். ஆனால் காற்றே இல்லை. ஒரு இலை அசையவில்லை. என் முழங்கை மயிர் எழுந்து நின்றது. குளிர் என்று சொல்லிக்கொண்டேன்.

ஐந்து நாற்பத்தொன்று. ஹேண்டிலில் இருந்த மீட்டரில் பார்த்தேன், அதனால் நிச்சயமாகச் சொல்கிறேன்.

“பீச்சே…”

ஆண் குரல். கத்தவில்லை. வேலைக் களைப்பில் சொல்கிற மாதிரி, இழுத்து.

பழக்க தோஷம். இரண்டு பேரும் இடது பக்கம் ஒதுங்கினோம். அங்கே இடது பக்கம் மலைச்சுவர். சக்கரம் சரளைக் கல்லில் நறநறத்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டி கடந்து போகக் காத்திருந்தேன்.

எந்த வண்டியும் வரவில்லை. வெளிச்சமும் வரவில்லை.

தபரேஸ் பாய் வந்துவிட்டார் என்று சங்கீதா சந்தோஷமாகச் சொன்னாள். எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது. டயர் கிடைத்ததா பாய் என்று சத்தமாகக் கேட்டேன். பதில் இல்லை. தபரேஸ் வாயாடி. ஒன்று கேட்டால் ஒன்பது சொல்கிறவர். ஆலங்காயம் டீயிலிருந்து ஆம்பூர் பிரியாணி வரைக்கும் பேசிக்கொண்டே மேடு ஏறுகிறவர்.

டிக்… டிக்… டிக்…

“பீச்சே…”

மறுபடியும் ஒதுங்கினோம். மறுபடியும் ஒன்றும் வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து சங்கீதா குரலைத் தாழ்த்தி என்னைக் கூப்பிட்டாள்.

“என்னாங்க… பாய்கிட்ட நீங்களே சொல்லுங்க. தள்ள வேணாம்னு.”

“இன்னா தள்றது?”

“முதுகுல கை வெச்சுத் தள்றாரு. ரொம்ப நேரமா. எனக்கு ஒரு மாதிரியா இருக்கு.”

சைக்கிள்காரர்கள் மத்தியில் இது புதிதில்லை. மேட்டில் திணறுகிறவரின் முதுகில் கை வைத்து, பலசாலி கொஞ்சம் தள்ளி விடுவார். ஆனால் தபரேஸ் அப்படிச் செய்கிற மனிதர் இல்லை. ஐந்து வேளை தொழுகிறவர். எங்கள் கூட்டத்துப் பெண்களுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுக்கக்கூட கையில் கொடுக்க மாட்டார். கல் மேல் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார். அண்ணி என்கிற மரியாதையில் ‘பாபி, எடுத்துக்கோங்க’ என்பார். அவர் என் மனைவியின் முதுகில் கை வைப்பாரா?

என் சட்டையின் பின்பக்கப் பையில் போன் அடித்தது. ஒரு கையால் எடுத்தேன். ஒரே ஒரு கோடு சிக்னல்.

“பரணி, சமீரு இப்பதான் கெளம்பினானாம். நான் இன்னும் ஆலங்காயத்துலதான் கீறேன். பாபி எப்டி ஏறாங்க?”

நான் வாயைத் திறப்பதற்குள் சிக்னல் போய்விட்டது.

இப்போது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

சொன்னால் பயந்து திரும்புவாள். திரும்பினால் ஹேண்டில் ஆடும். ரோட்டின் ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் பள்ளம். என்ன ஆனாலும் திரும்பாதே, என் பின் விளக்கையே பார்த்துக்கொண்டு வா என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. ஏன் என்று அவள் கேட்கவில்லை. எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம். குரலைக் கேட்டே புரிந்துகொண்டிருப்பாள்.

அவளைத் திரும்பாதே என்று சொல்லிவிட்டு…

நான் திரும்பினேன்.

அவளுடைய முன் விளக்கு கண்ணைக் கூசவைத்தது. அதற்குக் கீழே பார்த்தேன். பெடல் மேல் இரண்டு கால்.

அசையவில்லை.

ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. பொம்மைக்கு வைத்த மாதிரி அப்படியே இருந்தன. சைக்கிள் மட்டும் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது.

டிக்… டிக்… டிக்…

அந்தச் சத்தம் பின்னால் வந்த யாருடையதும் இல்லை. என் சங்கீதாவின் சைக்கிள்.

அவளுக்குப் பின்னால் பனி சிவப்பாக இருந்தது. அவளுடைய பின் விளக்கின் வெளிச்சம். அந்தச் சிவப்பின் நடுவில் கறுப்பாக ஒரு இடைவெளி. ஒரு ஆள் உயரத்துக்கு. சைக்கிளில் இல்லை. நடந்து வந்தது.

முகத்தை முன்பக்கம் திருப்பினேன்.

எதிரே வளைவு. அந்த வளைவு எனக்கு மனப்பாடம். அதுவரைக்கும் மலைச்சுவர் இடது பக்கம் இருக்கும். வளைந்ததும் மாறிவிடும். இடது பக்கம் பள்ளம். முழங்கால் உயரத்துக்கு ஒரு சுவர், நடுவில் உடைந்து ஆறடி இடைவெளி.

‘பீச்சே’ என்றால் இடது பக்கம்.



நான் மிதிப்பதை நிறுத்தினேன். அவள் என் பக்கத்தில் வந்தாள். அவளுக்கு இடது பக்கம் போய், பள்ளத்தின் ஓரமாக ஒட்டிக்கொண்டேன். தோளோடு தோள்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர்.

“கை இன்னும் இருக்கு” என்றாள்.

வளைந்தோம்.

பின்னால் லாரி சத்தம். கனமான சத்தம். கியர் மாற்றி உறுமியது. வெளிச்சம் இல்லை.

கிட்டே…

இன்னும் கிட்டே…

“பீச்சே!”

இந்தத் தடவை அலறல்.

அவள் சைக்கிள் பக்கவாட்டில் பாய்ந்தது. யாரோ முழு பலத்தோடு தள்ளிய மாதிரி. என் மேல் மோதினாள். என் முன் சக்கரம் உடைந்த சுவரில் சொருகியது. இரண்டு பேரும் விழுந்தோம்.

ரோட்டில்தான் விழுந்தோம். அவள் என் மேல் கிடந்தாள். என் தலை இடைவெளிக்கு வெளியே தொங்கியது. கீழே ஒன்றும் தெரியவில்லை. பனி மட்டும்.

லாரி வரவில்லை.

ஐந்து ஐம்பத்தெட்டு.

அவளை இழுத்துக்கொண்டு ரோட்டுக்கு மறுபக்கம் போய் மலைச்சுவரில் சாய்ந்தேன். அப்போதுதான் அந்தச் சத்தம்.

சரக்… சரக்… சரக்…

காய்ந்த மூங்கில் இலை. பள்ளத்தில் யாரோ இறங்குகிறார்கள். அவசரமாக. சறுக்கி, எதையோ பிடித்து, மறுபடியும் இறங்கி… சத்தம் சின்னதாகிக்கொண்டே போய் நின்றது.

அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

சரக்…

மறுபடியும். இப்போது மேலே வந்தது.

மெதுவாக. ஒவ்வொரு அடியாக. ரோட்டு ஓரம் வரைக்கும் வந்தது. நின்றது.

சங்கீதா என் கையைப் பிடித்திருந்தாள். அவள் முதுகு விறைத்தது. பிறகு ஒன்றுமே இல்லை. எங்கேயோ ஒரு சேவல் கூவியது.

நன்றாக வெளிச்சம் வந்த பிறகுதான் தபரேஸ் வந்தார். சமீருல்லா டயரை மினி லோடு வண்டியில் கொண்டுவந்திருந்தான். என் போனுக்கு லைன் கிடைக்காததால் பயந்துபோய் வண்டியிலேயே ஏறி வந்துவிட்டார்கள். என் சக்கரம் எட்டு மாதிரி வளைந்திருந்தது. தபரேஸ் சங்கீதாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அப்போதுதான் பார்த்தேன்.

நீலச் சட்டை. அதன் மேல் வெள்ளையாக ஒரு கை அச்சு. ஐந்து விரலும் தெளிவாக. பெரிய கை.

தபரேஸ் தொடாமல் குனிந்து முகர்ந்தார். முகம் வெளுத்துப்போனது.

“சுண்ணாம்பு. பச்சத்தோல் வாசன வருது பரணி. எங்க ஷாப்புல தோல் ஊறவெக்கிற சுண்ணாம்புக் குழில எறங்குறவங்க கை இப்டித்தான் இருக்கும்” என்றார்.

சைக்கிள்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு கீழே இறங்கினோம். மேடு தொடங்குகிற இடத்தில் ஒரு இட்லிக் கடை. சங்கீதாவுக்குச் சூடாக ஏதாவது கொடுக்கலாம் என்று நிறுத்தினோம். கடை வைத்திருந்தது அறுபது வயசு மதிக்கத்தக்க பெண்மணி, பேர் கெங்கம்மாள். இடுப்பு ஒரு பக்கம் இழுத்து நடந்தார். டீயை என்னிடம் கொடுத்துவிட்டு சங்கீதாவுக்குப் பின்னால் போனவர் அப்படியே நின்றுவிட்டார். கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

 பிறகு தன் கையை விரித்து, அந்த வெள்ளைக் கையின் மேல் படாமல், அளவு பார்க்கிற மாதிரி பிடித்தார்.

அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். கெங்கம்மாளும் புருஷன் ராமலிங்கமும் வாணியம்பாடியில் ஒரு தோல் ஷாப்பில் வேலை செய்தவர்கள். அவர் சுண்ணாம்புக் குழியில், இந்த அம்மா தோல் காயப்போடுகிற இடத்தில். ஊர் மலை மேலே, வேங்கமரத்தூர். இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய கதை. வாரம் ஒரு நாள் ராத்திரி வேலை முடித்து, ஒரே சைக்கிளில் இரண்டு பேரும் ஊருக்குப் போவார்கள். மேடு வந்ததும் ராமலிங்கம் இறங்கிவிடுவாராம். மனைவியை சீட்டில் உட்காரவைத்து, ஹேண்டிலைப் பிடிக்கச் சொல்லி, முதுகில் கை வைத்து வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டே நடப்பாராம்.

“எனக்கு அப்ப வவுத்துல புள்ள. ‘நீ மெதிக்காத, நான் தள்றேன்’ம்பான். ஒரு நாளும் மெதிக்க உட்டதில்ல.”

சங்கீதா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

ஒரு விடியற்காலை, இதே பனி. பின்னால் லாரிச் சத்தம் கேட்டதும் ராமலிங்கம் ஷாப்பில் கத்துகிற பழக்கத்திலேயே ‘பீச்சே’ என்று கத்தி, மனைவியை இடது பக்கம் தள்ளிவிட்டார். ஷாப்பில் இடது பக்கம் சுவர்தான் இருக்கும். அந்த வளைவில் பள்ளம் என்பது அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை. லாரி அது பாட்டுக்குப் போய்விட்டது. கெங்கம்மாள் சைக்கிளோடு விழுந்து, பத்தடி கீழே மூங்கில் புதரில் மாட்டிக்கொண்டார். இடுப்பு போனது, குழந்தை போனது, நினைவும் போனது.

“என்னத் தேடிக்கினு கீழ எறங்கிருக்கான். நான் மேலயே கீறது தெரியாம. அதுக்கப்பறம் அவன் மேல வரவேயில்ல. மத்தியானந்தான் கீழ பொணமா பாத்தாங்க.”

அவர் அழவில்லை. அடுப்பையே பார்த்துக்கொண்டு சொன்னார். இந்த வருஷங்களில் நாலைந்து பேர் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறார்கள், எல்லோரும் பெண்கள், வண்டியில் வந்தவர்கள். எல்லோருக்கும் அதே குரல், அதே தள்ளல், பிறகு இலைச் சத்தம் கீழே இறங்கிப் போகும், அவ்வளவோடு முடிந்துவிடும் என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சத்தம் மறுபடியும் மேலே ஏறி வந்தது என்று சொல்லிவிட்டேன்.

கெங்கம்மாள் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன்.

“மேல வந்துட்டானா?”

பிறகு சங்கீதாவின் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார்.

“கண்ணு, வூட்டு வாசல் வந்தாத்தான் அவன் கைய எடுப்பான். எடுத்துட்டு, ‘வந்தாச்சு, எறங்கு’ம்பான். உனக்கு அது கேட்டுச்சா?”

“இல்லம்மா” என்றாள் சங்கீதா.

அந்த வீடு எங்கே, இப்போதே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று எழுந்தேன். கெங்கம்மாள் கையை விரித்தார். குடிசை விழுந்து வருஷக்கணக்காகிவிட்டது. அந்த இடத்தில் முள்ளு முளைத்து, எது வாசல், எது கொல்லை என்று அவருக்கே தெரியாதாம்.

ஆம்பூர் வந்ததும் டாக்டரிடம் காட்டினேன். சட்டையைக் கழற்றினால் முதுகிலும் அதே கை, சிவப்பாக. சுண்ணாம்பு ஏதாவது பட்டதா, இது சுண்ணாம்பு வேக்காடு மாதிரி இருக்கிறதே என்றார் டாக்டர். களிம்பு எழுதிக் கொடுத்தார். பத்து நாளில் ஆறிவிட்டது. சங்கீதா சிரித்தாள், சமைத்தாள், என்னைத் திட்டினாள். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். படுக்கும்போது மட்டும் மல்லாந்து படுக்க மாட்டாள். கேட்டால், தெரியவில்லை, இடைஞ்சலாக இருக்கிறது என்பாள்.

அவள் சைக்கிளைப் பரண் மேல் ஏற்றிவிட்டேன். ஜனவரி சவாரியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்றேன். அவள் சண்டை போடவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. சங்கீதா சண்டை போடாமல் எதையும் விட்டவள் இல்லை.

போன ஞாயிறு விடியற்காலை விழித்தேன். பக்கத்தில் அவள் இல்லை. பரணில் சைக்கிள் இல்லை.

என் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். ரயில்வே மேம்பாலம் ஏறுகிற இடத்தில் அவளுடைய சிவப்பு விளக்கு தெரிந்தது. பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தாள். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை.

டிக்… டிக்… டிக்…

கால் அசையவில்லை.

உயிரைக் கொடுத்து மிதித்தேன். பக்கத்தில் போய்ச் சேர்ந்தேன். எங்கே போகிறாய் என்று கேட்டேன். என்னைப் பார்த்துச் சிரித்தாள். மூச்சே வாங்கவில்லை.

“வூட்டுக்கு” என்றாள்.

குடியாத்தத்துக்காரி சங்கீதா ‘வீடு’ என்றுதான் சொல்வாள். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் ‘வூடு’ என்று சொன்னதில்லை.

எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. அந்த வார்த்தையை யாராவது சொன்னால்தானே அந்தக் கை விடும். நானே சொல்லிவிடலாம் என்று அவள் முதுகில் கை வைத்தேன்.

“வந்தாச்சு… எறங்கு” என்றேன்.

பதினெட்டு வருஷம் தோல் தொட்ட கை இது. சட்டைத் துணி எது, தோல் எது என்று அதற்குத் தெரியும்.

என் கை அவள் முதுகில் படவில்லை.

ஈரமாக, வெடிப்பு வெடிப்பாக… அங்கே முன்னமே இருந்த இன்னொரு கையின் மேல் பட்டது.